வீட்டுப் பிள்ளையும் கைப்பேசியும்: நம் வீடுகளில் நடந்தவை

தென்காசிப் பக்கம், வீட்டில் தையல் வேலை பார்க்கும் அம்மா:

சிலிண்டர்காரர் வாசலில் நிற்கிறார். என் போனில் சார்ஜ் இல்லை. அத்தை போனை எடுத்துப் பணம் அனுப்பினால், கணக்கில் போதிய இருப்பு இல்லை என்று வருகிறது. மாதாமாதம் வரும் முதியோர் உதவித்தொகை 1,200 ரூபாயைத் தொடாமல் சேர்த்து வைத்திருந்த கணக்கு அது. கண்ணாடி மாற்றணும், கம்மலுக்குத் திருகாணி போடணும் என்று அத்தை அதை நம்பித்தான் இருந்தார்கள். பக்கத்து வீட்டில் கைமாற்று வாங்கிச் சிலிண்டருக்குக் கொடுத்துவிட்டு, யுபிஐ ஆப்பைத் திறந்து பார்த்தேன். 80, 80, 160, 400, மறுபடி 80... கீழே தள்ளத் தள்ள வந்துகொண்டே இருந்தது. எல்லாமே மத்தியானம் இரண்டு மணிக்கும் நாலு மணிக்கும் நடுவில். அத்தை கண்ணயரும் நேரம். மொத்தம் ஒன்பதாயிரத்துச் சொச்சம்.

ஏழாம் வகுப்பு முடித்து லீவில் இருந்த என் மகன்தான். ஒரு சுடுகிற கேமில், அதற்குள்ளே செலவழிக்கிற காசு மாதிரியான டைமண்டை நிஜப் பணம் கொடுத்து வாங்கியிருக்கிறான். பின் நம்பர் அவனுக்குத் தெரியாமல் இருக்குமா? என் அத்தை, அதாவது அவனுடைய ஆச்சி, பிறந்த வருஷம்தான் பின். ஆப்பை ஏற்றி அந்த நம்பரைப் போட்டுக் கொடுத்ததே அவன்தான்.

ஒரு வார்த்தை கேட்கும் முன்னே அடித்துவிட்டேன். போனைப் பீரோவில் வைத்துப் பூட்டினேன். அவன் அழவில்லை. இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவும் இல்லை. மூன்றாம் நாள் ராத்திரி நான் பிளவுஸுக்கு ஹெம்மிங் பண்ணிக்கொண்டிருந்தபோது பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். ஊசியை வாங்கி நூல் கோத்துக்கொண்டே, "அம்மா, அந்த டைமண்ட்ல பாதிக்கு மேல எனக்கு இல்லம்மா" என்றான்.

கேமில் கூடச் சேர்த்துக்கொண்ட ஒரு 'அண்ணன்'. எந்த ஊர், என்ன வயசு, ஒன்றும் தெரியாது. முதலில் அந்த ஆள்தான் இவனுக்கு ஏதோ ஒரு துப்பாக்கி ஸ்கின்னை, அதாவது கேம் துப்பாக்கிக்குப் போடுகிற அலங்காரத்தை, பரிசாக அனுப்பியிருக்கிறான். அப்புறம் வாய்ஸ் சாட்டில் பேச்சு. எங்கே படிக்கிறே, அப்பா என்ன வேலை, வீட்டில் யாரோட போன் இது. விளையாட்டு வேகத்தில் இவன் ஒருநாள் பேசிய கெட்ட வார்த்தைகளை ரெக்கார்ட் செய்து வைத்துக்கொண்டு, "சொன்னதை வாங்கி அனுப்பலைன்னா உங்க அம்மாவுக்கு இது போகும்" என்று மிரட்டியிருக்கிறான். பன்னிரண்டு வயசுப் பிள்ளை, என் காதுக்கு அது எட்டிவிடக் கூடாது என்பதற்காக ஆச்சி பணத்தை எடுத்து எடுத்துக் கட்டியிருக்கிறான்.

எனக்கு அன்றைக்குத் தூக்கம் வரவில்லை. பணம் போனதற்காக இல்லை. நான் அடிப்பேன் என்பது முகம் தெரியாத அந்த ஆளுக்குத் தெரிந்திருக்கிறது. என் கோபத்தை முதலாக வைத்துத்தான் அவன் சம்பாதித்திருக்கிறான்.

மறுநாள் காலையில் சைபர் மோசடிப் புகாருக்கான 1930-க்குப் பேசினேன். பரிமாற்ற எண், தேதி, தொகை எல்லாம் கேட்டுக் குறித்துக்கொண்டார்கள். பணம் போன கொஞ்ச நேரத்திலேயே கூப்பிட்டால்தான் அதை நடுவில் நிறுத்தி வைக்க வாய்ப்பு அதிகமாம். எங்களுக்கு வாரக்கணக்கில் ஓடியிருந்தது, பணம் வரவில்லை. அந்த ஆளின் கணக்கை பிளாக் செய்யும் முன் சாட்டையும் ஐடியையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்தோம். கோபத்தில் எல்லாவற்றையும் அழித்திருந்தால் புகாரில் காட்ட ஒன்றும் இருந்திருக்காது.

உங்கள் வீட்டில் நடந்ததையும் எழுதுங்கள். பிள்ளை தானாக வந்து சொல்ல நீங்கள் என்ன செய்தீர்கள் என்பதைக் கட்டாயம் எழுதுங்கள்.

திண்டுக்கல், செல்போன் சர்வீஸ் கடை வைத்திருப்பவர்:

அக்கா, உங்கள் மகன் கேமில் வைத்திருந்த கணக்கில் என்ன பிறந்த வருஷம் போட்டிருந்தீர்கள் என்று ஒருமுறை பாருங்கள். என் மேஜைக்கு வருகிற பிள்ளைகள் போனில் நான் அதிகம் பார்ப்பது இதைத்தான். 1985, 1988, 1990. அப்பாவோ அம்மாவோ பிறந்த வருஷம். சின்ன வயசு போட்டால் கணக்குத் திறக்க ஆயிரம் கேள்வி கேட்கிறது என்று அப்படிப் போட்டுவிடுகிறார்கள். அந்த நிமிஷத்திலிருந்து அந்த ஆப்புகளுக்கு உங்கள் பிள்ளை முப்பத்தைந்து, நாற்பது வயசு ஆள். இன்ஸ்டாகிராம் 2024 செப்டம்பரில் டீன் அக்கவுண்ட் கொண்டுவந்தது, இந்தியாவுக்கும் வந்தாயிற்று. பிள்ளையின் கணக்கு தானாகவே பிரைவேட் ஆகிவிடும், முன்பின் தொடர்பில்லாதவர் மெசேஜ் அனுப்ப முடியாது, 16 வயசுக்குக் கீழ் என்றால் பெற்றவர் சம்மதமில்லாமல் இதைத் தளர்த்தவும் முடியாது. ஆனால் வயசைச் சரியாகப் போட்டிருந்தால்தான் இந்த வேலி நிற்கும். வேலியை நம் கையாலேயே பிடுங்கி எறிந்துவிடுகிறோம்.

பிள்ளையின் போனைப் பெற்றவர் கவனிக்க உதவும் கூகுளின் ஃபேமிலி லிங்க் ஆப்பைப் போட்டுத் தரச் சொல்லிக் கேட்கிறார்கள். புது ஆப் ஏற்ற நம் போனுக்கு அனுமதி கேட்டு வரும், ராத்திரி குறிப்பிட்ட நேரத்துக்கு மேல் போன் பூட்டிக்கொள்ளும், நல்ல வசதிதான். பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வந்தால்தான் போட்டுக் கொடுப்பேன் என்று ஒரு பிடிவாதம் வைத்திருக்கிறேன். அதற்குக் காரணம் இருக்கிறது. மூன்று வருஷத்துக்கு முன் ஒருத்தர் வந்து, மகள் யாரோடு பேசுகிறாள் என்று அவளுக்குத் தெரியாமல் பார்க்க ஒரு ஆப் ஏற்றித் தரச் சொன்னார். முடியாது என்றேன், வேறு கடையில் ஏற்றிக்கொண்டார். ஒரு மாசம் கழித்து அந்தப் பாப்பா என்னிடம் டிஸ்பிளே மாற்ற வந்தது. கையில் இருந்தது ஓரம் உடைந்த பழைய போன், சினேகிதி கொடுத்ததாம். வீட்டுக்குத் தெரியாது. அப்பா வாங்கிக் கொடுத்த போனில் பாட்டுக் கேட்பதைத் தவிர வேறு எதுவும் செய்வதில்லை என்று சொன்னது. அவர் இன்னும் அதைத்தான் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பார்.

தோஹாவில் வேலை, குடும்பம் கும்பகோணத்தில்:

என் கருத்து நேர்மாறு. பத்தாவது முடிக்கும்வரை பிள்ளை கையில் போனே கூடாது. ஆஸ்திரேலியாவில் 2025 டிசம்பர் 10 முதல் 16 வயசுக்குக் கீழே உள்ளவர்கள் பெரிய சமூக ஊடகங்களில் கணக்கு வைத்திருக்க முடியாது என்று சட்டமே வந்துவிட்டது. ஒரு நாடே பயப்படும்போது நாம் ஏன் கொடுத்துவிட்டுக் கண்காணிக்க வேண்டும்?

அரசுப் பள்ளி ஆசிரியை, திருவண்ணாமலை மாவட்டம்:

தம்பி, உங்கள் பயம் எனக்குப் புரிகிறது. ஆனால் 2020 மார்ச்சில் பள்ளியை மூடிய பிறகு, ஒன்று முதல் எட்டு வரையான வகுப்புகளை 2021 நவம்பர் 1-ஆம் தேதிதான் திறந்தோம். அதுவரை "பிள்ளைக்குப் போனைக் கொஞ்சம் கொடுங்கம்மா" என்று வீடு வீடாகக் கெஞ்சியது நாங்கள்தான். இன்றும் வீட்டுப்பாடம் வாட்ஸ்அப் குழுவில் வருகிறது. போன் இல்லாத வீட்டுப் பிள்ளை அடுத்த வீட்டுப் போனில் பார்க்கும். அங்கே நாம் இருக்க மாட்டோம்.

நான் சொல்ல வந்தது வேறு. ஒன்பதாம் வகுப்புப் பெண் ஒருத்தி மதிய உணவு இடைவேளையில் கணக்கு நோட்டை நீட்டினாள். திருத்தத்தான் கொடுக்கிறாள் என்று நினைத்தேன். கடைசிப் பக்கத்தில் பென்சிலில், "டீச்சர் என் போட்டோவ தப்பா மாத்தி அனுப்பறாங்க" என்று எழுதி, அதையும் பாதி அழித்திருந்தாள். ஆண்டு விழாவில் எடுத்த படத்தில் இருந்த அவள் முகத்தை வெட்டி வேறு உடம்பில் ஒட்டியிருக்கிறார்கள்.

நான் முதலில் சொன்னது, "நீ எந்தத் தப்பும் பண்ணலை" என்பதுதான். இரண்டாவது, அந்தப் படத்தை யாரும் யாருக்கும் அனுப்பக் கூடாது. சாட்சிக்கு என்று எனக்கும் வேண்டாம். பிள்ளைகள் படம் அப்படி இருந்தால் அதைப் பரப்புவதே குற்றம், நல்ல எண்ணத்தோடு அனுப்பினாலும் அவளை இன்னொருவர் பார்த்ததாகத்தான் ஆகும். எந்த நம்பர், எந்தக் குழு, என்ன தேதி என்று காகிதத்தில் எழுதிக்கொண்டோம். குழந்தைகள் உதவி எண் 1098-க்குப் பேசினோம், பிறகு சைபர் கிரைமில் புகார். டேக் இட் டவுன் என்று அமெரிக்காவில் உள்ள குழந்தைகள் பாதுகாப்பு மையம் ஒன்று நடத்தும் இலவசச் சேவை இருக்கிறது, 18 வயதுக்குள் எடுத்த படங்களுக்கு. படம் நம் போனை விட்டு வெளியே போகாது. அதன் கைரேகை மாதிரி ஒரு எண் மட்டும் போகும். அதில் சேர்ந்திருக்கும் தளங்கள் அந்த எண்ணை வைத்துப் படத்தைத் தேடித் தடுக்கும். அதிலும் பதிந்தோம்.

இதெல்லாம் இரண்டு நாளில் முடிந்தது. அவள் அப்பாவிடம் பேசத்தான் நேரம் பிடித்தது. "இனி இவ பள்ளிக்கூடம் போக வேணாம்" என்பதுதான் அவர் வாயில் வந்த முதல் வார்த்தை. திண்ணையில் ஒன்பது மணி வரை உட்கார்ந்திருந்தேன். அந்த வார்த்தைக்குப் பயந்துதான் பதினோரு நாள் அவள் யாரிடமும் மூச்சு விடவில்லை. மாடு கட்டப் போன அவள் அம்மா திரும்பி வந்து, "படிக்கட்டும்" என்று ஒரே சொல்லாகச் சொன்னார். இப்போது பதினொன்றாம் வகுப்பு, உயிரியல் பிரிவு.

தென்காசி அம்மா மீண்டும்:

திண்டுக்கல் தம்பி சொன்னபடி பார்த்தேன். 1988. நான் பிறந்த வருஷம். அவனையே பக்கத்தில் வைத்துக்கொண்டு அவன் வயசில் புதுக் கணக்குத் திறந்தோம். டீச்சர், உங்கள் பதினோரு நாளைப் படித்துவிட்டு அவனிடம் நேராகவே கேட்டேன், "நீ எத்தனை நாள் பயந்துகிட்டு இருந்தே?" என்று. விரல் விட்டு எண்ணினான், கை போதவில்லை. இனி என்ன சொன்னாலும் அன்றைக்கு அடியும் கிடையாது, போனைப் பிடுங்குவதும் கிடையாது, மறுநாள் உட்கார்ந்து பேசுவோம் என்று ஆச்சி முன்னால் சொல்லியிருக்கிறேன். கஷ்டமாகத்தான் இருக்கிறது. போன வாரம் ஒருதரம் கை ஓங்கிவிட்டேன், ஆச்சி பார்த்தார்கள், இறக்கிவிட்டேன்.

ஆச்சிக்குப் புதுப் பின் போட்டாயிற்று. நேற்று மருந்துக்கடைக்குப் பணம் அனுப்ப அவர்கள் போனைக் கையில் எடுத்ததும், அவனாகவே எழுந்து சுவர்ப் பக்கம் திரும்பி நின்றுகொண்டான். "நான் பார்க்கலை ஆச்சி, போடுங்க."