ஸ்ட்ரிங்ஸ் ஒலி தானாக நடுங்குகிறது: ஆஃப்டர்டச் பட்டையைத் திறந்து பார்க்கலாமா?

இராயபுரம் பாடகர்குழு:
இராயபுரத்தில் ஒரு தேவாலயப் பாடகர் குழுவுக்கு ஞாயிறுதோறும் கீபோர்டு வாசிக்கிறேன். மூன்று மாதங்களுக்கு முன்பு, ஏற்கெனவே ஒருவர் பயன்படுத்திய சின்தசைசரை வாங்கினேன். ஒலி அருமையாக இருக்கிறது. ஆனால் நற்கருணை நேரத்தில் ஸ்ட்ரிங்ஸ் ஒலியில் நான்கு சுரக் கார்டு ஒன்றைப் பிடித்து நிறுத்தினால், கட்டைகள் அடிமட்டத்தைத் தொட்ட மறுகணமே வைப்ரேட்டோ ஏறி, மொத்த ஒலியும் நடுங்கிவிடுகிறது. நான் வேண்டுமென்றே அழுத்துவதில்லை. வெலாசிட்டி வளைவை மாற்றியும் பயனில்லை. கருவியைத் திறந்து பார்க்கலாமா?

வியாசர்பாடி மெல்லிசை:
தம்பி, வெலாசிட்டி வேறு, ஆஃப்டர்டச் வேறு. கட்டை எவ்வளவு வேகமாகக் கீழே இறங்குகிறது என்பது வெலாசிட்டி. இறங்கி நின்ற பிறகு அதன் மேல் எவ்வளவு பாரம் விழுகிறது என்பது ஆஃப்டர்டச். முதலாவதன் வளைவை எப்படி மாற்றினாலும் இரண்டாவது மாறாது.

உங்கள் கருவியில் பெரும்பாலும் எல்லாக் கட்டைகளுக்கும் பொதுவாக, அந்தப் பாரத்தை உணரும் ஒரே பட்டைதான் அடியில் இருக்கும். 1970களின் பிற்பகுதியில் வந்த யமஹா சிஎஸ்-80 போல ஒவ்வொரு கட்டைக்கும் தனி உணர்வு கொடுத்த கருவிகள் குறைவு. ஒரே பட்டை என்றால், நான்கு விரல்களின் பாரமும் அதில் ஒன்றாகக் கூடும். தனிச் சுரத்தில் அமைதியாக இருக்கும் ஒலி கார்டில் துள்ளுவதற்கு இதுவே போதும். இது பழுதே அல்ல. ஸ்ட்ரிங்ஸ் பேட்ச்சில், அதாவது சேமித்து வைத்த ஒலி அமைப்பில், ஆஃப்டர்டச்சின் வைப்ரேட்டோ ஆழத்தைச் சுழியமாக்கிச் சேமித்துவிடுங்கள். நாதஸ்வரம், வயலின் போன்ற தனிக்குரல் பேட்ச்களில் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். அங்கே அது பொன் போன்றது. ஒரு சுரத்தை நேராகப் பிடித்து, கடைசியில் மெல்ல அசைத்து முடிக்கும் சுகம் இடக்கையால் உருட்டும் மாட் வீலில் வராது, ஏனெனில் இடக்கை வேறு வேலையில் இருக்கும்.

தண்டையார்பேட்டை பழுதுமேசை:
ஐயா சொல்வதில் பாரம் கூடும் என்பது சரி. பழுதே அல்ல என்று பார்க்காமலே முடிவு செய்வதை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை. ஆஃப்டர்டச் 0 முதல் 127 வரையுள்ள எண்ணாக வெளியேறுகிறது. நல்ல பட்டையில் விரலை மெல்ல அழுத்தினால் எண் படிப்படியாக ஏற வேண்டும். 0-இலிருந்து ஒரே தாவலில் 100-க்குப் போகுமானால், பேட்ச்சில் ஆழத்தைப் பாதியாகக் குறைத்தாலும் அந்தத் தாவல் பாதி உயரத் தாவலாகத்தான் மாறுமே தவிர, நடுவில் இல்லாத படிகள் முளைத்துவிடாது. மேலும் அவர் நாளைக்கு வயலின் பேட்ச் வாசிக்க விரும்பினால் என்ன செய்வார்?

தம்பி, திறப்பதற்கு முன் கணினியில், கருவி அனுப்பும் எண்களைக் காட்டும் மிடி மானிட்டர் நிரலை ஓடவிட்டு, ஒவ்வொரு கட்டையாக ஒரே விரலால் அழுத்தி எண்ணைப் பாருங்கள். கையை முற்றிலும் எடுத்த பிறகு எண் சுழியத்துக்குத் திரும்புகிறதா என்பதையும் கவனியுங்கள். திரும்பாவிட்டால் ஏதோ ஒன்று பட்டையை எப்போதும் அழுத்திக்கொண்டே இருக்கிறது.

வியாசர்பாடி மெல்லிசை:
சோதனை செய்வதில் எனக்கு மறுப்பில்லை. திறப்பதில்தான் அச்சம். எங்கள் குழுவில் ஒருவர் இதே குறைக்காகக் கருவியைப் பிரித்து, பட்டையின் மேல் துணி வைத்து மூடினார். நடுப்பகுதிக் கட்டைகள் முழுதாக இறங்காமல் போய், வேக வரிகள் எல்லாம் தடுக்கின. பழைய நாடா வயர்கள் ஒரு முறை மடங்கினால் விரிசல் விட்டுவிடும். ஒலியின் மாற்றத்தைச் சற்றுத் தாமதமாக்கும் வழி உள்ள கருவியென்றால், ஆஃப்டர்டச்சுக்குச் சிறிது மென்மைப்படுத்தல் கொடுத்தாலே தாவல் வழுக்கலாகிவிடும்.

தண்டையார்பேட்டை பழுதுமேசை:
துணி வைப்பதை நானும் ஆதரிக்கவில்லை. உயரம் கூடினால் கட்டை முன்னதாகவே பட்டையில் இடிக்கும். குறை கூடவே செய்யும். தாமதம் கொடுத்தாலோ, வேண்டுமென்று அழுத்தும்போதும் ஒலி பின்தங்கி வரும்.

இராயபுரம் பாடகர்குழு:
நேற்று இரவு அண்ணன் சொன்னபடி பார்த்தேன். இடப்பக்கக் கட்டைகளில் எண் 5, 18, 40, 75 என்று ஒழுங்காக ஏறுகிறது. நடு சி-யிலிருந்து வலப்பக்கம் ஏறக்குறைய ஒன்றரை ஆக்டேவ் வரை, விரலை வைத்த உடனே 90-ஐத் தாண்டுகிறது. கையை எடுத்தாலும் 6-இல் நிற்கிறது. நான் கார்டு பிடிப்பது அந்தப் பகுதியில்தான்.

தண்டையார்பேட்டை பழுதுமேசை:
அப்படியானால் பட்டை முழுவதும் கெட்டதல்ல. அந்த இடத்தில் மட்டும் எதுவோ உயர்ந்திருக்கிறது. அளவு திருத்தும் டிரிம்மரைத் தொட்டால் நன்றாக இருக்கும் இடப்பக்கமும் மந்தமாகிவிடும். மின்கம்பியைப் பிடுங்கி, சற்று நேரம் விட்டு, கட்டை வரிசையைத் தூக்கி, பட்டையின் மேல் படிந்திருக்கும் ஃபெல்ட் துணியின் அடியைப் பாருங்கள். திருகுகளின் நீளம் இடத்துக்கு இடம் மாறும். எடுத்த வரிசையிலேயே ஒரு தாளில் வைத்துக்கொள்ளுங்கள்.

வியாசர்பாடி மெல்லிசை:
எண் அப்படி வந்திருக்கும்போது நானும் திறக்கச் சொல்வேன். நாடா வயரை இழுக்காமல், அதன் பிடியைத் தளர்த்தி எடுங்கள். ஆனால் கார்டுக்கான பேட்ச்சில் ஆஃப்டர்டச் வேண்டாம் என்ற என் கருத்து மாறவில்லை.

இராயபுரம் பாடகர்குழு:
திறந்தேன். ஃபெல்ட் ஓரிடத்தில் முன்பே கிழிந்திருக்கிறது. யாரோ அதன் அடியில் பழுப்பு நிற டேப்பை இரண்டு மடிப்பாக ஒட்டி வைத்திருக்கிறார்கள். ஏறக்குறைய ஒரு சாண் நீளம். பசை கசிந்து பட்டையோடு ஒட்டியிருந்தது. நகத்தால் மெல்ல உரித்து, ஃபெல்ட்டை மீண்டும் சமமாகப் படியவைத்தேன். இப்போது வலப்பக்கமும் 0-இலிருந்து படிப்படியாக ஏறுகிறது. கையை எடுத்தால் சுழியத்துக்குத் திரும்புகிறது.

ஆனாலும் நான்கு விரலில் கார்டு பிடித்தால் 30 வரை போகத்தான் செய்கிறது. ஸ்ட்ரிங்ஸில் ஆழத்தைச் சுழியமாக்கிவிட்டேன். வயலினில் அப்படியே விட்டிருக்கிறேன். பட்டையின் மேல் மீதமிருக்கும் பசைக் கறையை ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் துடைத்தால் மேற்பூச்சு கெடுமா, அண்ணா?

தண்டையார்பேட்டை பழுதுமேசை:
பட்டையின் மேல் எதையும் ஊற்ற வேண்டாம். எண் சுழியத்துக்குத் திரும்புகிறது என்றால் கறை இருந்துவிட்டுப் போகட்டும். ஃபெல்ட்டின் பக்கம் ஒட்டியிருக்கும் பசையை மட்டும் உலர்ந்த தூரிகையால் எடுத்துவிடுங்கள்; இல்லாவிட்டால் வெயில் காலத்தில் இளகி மறுபடியும் பிடித்துக்கொள்ளும்.