தோள் துள்ளல், கண் சிமிட்டல்: உங்கள் வீட்டில் நடந்ததைச் சொல்லுங்கள்

கொழிஞ்சாம்பாறை அம்மா
டிக்ஸ், அதாவது கண், தோள், தொண்டை என்று ஏதாவது ஒன்று தன்பாட்டில் திரும்பத் திரும்பத் துள்ளுவது, சிமிட்டுவது, செருமுவது, இங்கே எல்லாருக்கும் தெரிந்ததுதான். பையனுக்கு எட்டு வயது. முதலில் கண் சிமிட்டல். சொட்டு மருந்து, கண்ணாடி வரை போனோம். அது நின்று இப்போது தோள். போன மாதம் பொள்ளாச்சியில் கல்யாணப் பந்தி. பக்கத்தில் என் மாமனாரின் அண்ணன். ரசம் ஊற்றும் நேரம் பார்த்துத் தோள் துள்ள, ரசம் அவர் வேட்டியில். பெரியவர் ஒன்றும் பேசாமல் இடது கையால் அவன் தோளை அமுக்கிக்கொண்டார். அந்தக் கைக்கடியில் தோள் துடித்தது எனக்குத் தெரிந்தது. கையை எடுத்ததும் வரிசையாக நாலைந்து துள்ளல். பையன் இலையை விட்டுத் தலை தூக்கவில்லை. பாயசம் வேண்டாம் என்று விட்டான்.

நகரிக்காரன்
அக்கா மகனுக்குத் தொண்டைச் செருமல். திருத்தணி பஸ்ஸில் பக்கத்து ஆள் எழுந்து வேறு சீட்டுக்கே போய்விட்டார். அதை விடுங்கள். நீங்கள் முதலில் மொபைலைப் பிடுங்குங்கள். சாக்லேட்டை நிறுத்துங்கள். மந்திரித்துத் தாயத்து கட்டுங்கள். துள்ளும்போதெல்லாம் "டேய்" என்று ஞாபகப்படுத்துங்கள். ராத்திரி ஒன்பதுக்குள் படுக்க வையுங்கள். எங்கள் பையனுக்கு மூன்றே மாதத்தில் நின்றது.

செங்கோட்டை
நகரி அண்ணா, தூக்கம் சரி, தாயத்து எங்கே வந்தது? டிக்ஸ் தன்பாட்டில் கூடும், குறையும். பலருக்கு ஒரு வருஷத்துக்குள் தானே போய்விடும். அந்த "டேய்" மட்டும் வேண்டவே வேண்டாம், சொல்லச் சொல்லக் கூடும். என் மகளுக்குக் கழுத்து. இழுப்பதற்கு முன் உள்ளே ஒரு அரிப்பு மாதிரி வருமாம். அது வந்ததும் தாடையை மெல்ல உள்ளிழுத்து, அடங்கும்வரை ஒரு நிமிஷம் அப்படியே நிறுத்தச் சிகிச்சையில் பழக்கினார்கள். தோளுக்கு முழங்கையை விலாவோடு அழுத்துவது. 2010ல் அமெரிக்காவில் 126 பிள்ளைகளிடம் பத்து வாரம் இதைச் செய்து பார்த்தார்கள்; பழகியவர்களில் பாதிக்கு மேல் நல்ல முன்னேற்றம், ஆலோசனை மட்டும் கேட்டவர்களில் ஐந்தில் ஒருவருக்கும் குறைவு. அடக்கினால் அப்புறம் இரட்டிப்பாகும் என்று நானும் பயந்தேன், அப்படி ஆகவில்லை. மாத்திரையும் உண்டு, எங்களுக்குத் தேவைப்படவில்லை.

கொழிஞ்சாம்பாறை அம்மா
நன்றி அக்கா. நேற்று அந்தப் பெரியவர் வீட்டுக்கு வந்திருந்தார். பேசும்போது மூக்கை உறிஞ்சி ஒரு கண்ணைச் சுருக்குகிறார். பத்து வருஷமாகப் பார்க்கிற முகம், நேற்றுத்தான் எண்ணினேன். காபி குடித்து முடிப்பதற்குள் பதினான்கு. பையனும் பார்த்துக்கொண்டிருந்தான்.

நகரிக்காரன்
சரி சரி. மொபைலைப் பிடுங்கியாச்சா இல்லையா?