காபித் தோட்டத்தில் ஆடையைப் பற்றும் மஞ்சள் பூச்செடி எது?

கேள்வி:
கொல்லிமலையில் செம்மேட்டுக்கு அருகே, மிளகுக்கொடி ஏற்றிய சிறிய காபித் தோட்டம் எங்களுக்கு உண்டு. ஐப்பசி மழையில் முளைத்து, இடுப்பளவு வளர்ந்து, மஞ்சளாகப் பூத்துத் தை மாதத்தில் காய்ந்துவிடும் ஒரு செடியின் விதைகள், தோட்டத்தைச் சுற்றி வந்தால் வேட்டி விளிம்பெங்கும் குத்திக்கொள்கின்றன. விதை கறுத்து, ஊசிபோல் நீண்டு, நுனியில் முட்களுடன் இருக்கிறது. நாயுருவி அன்று என்பது உறுதி. என் தாயார் ஒட்டுமுள் என்பார். இது இம்மண்ணின் செடியா, வெளியிலிருந்து வந்ததா? களையெடுக்க ஆள் வருமுன் அறிய விரும்புகிறேன்.

மறுமொழி 1:
இது பைடன்ஸ் பைலோசா. வெப்பமண்டல அமெரிக்காவிலிருந்து வந்த களை. ஏற்காட்டுச் சாலையோரங்களிலும் நீலகிரியிலும் நிறையக் காணலாம். தயங்காமல் பிடுங்கிவிடுங்கள்.

மறுமொழி 2:
ஐயா, பிடுங்குவதற்கு முன் பூவை ஒருமுறை பாருங்கள். நாம் ஒரு பூ என்று எண்ணுவது உண்மையில் பல சிறு பூக்கள் சேர்ந்த கொத்து. அதன் நடுப்பகுதி, பைடன்ஸ் பேரினத்தைச் சேர்ந்த பைலோசா, பைடெர்னேட்டா என்ற இரண்டு செடிகளிலும் மஞ்சளாகவே இருப்பதால், "மஞ்சள் பூ" என்ற குறிப்பு மட்டும் போதாது. விளிம்பில் இதழ்போல் நிற்பவை பைலோசாவில் வெள்ளையாக இருக்கும், அல்லது இருக்கவே இரா. பைடன்ஸ் பைடெர்னேட்டாவில் அவை மஞ்சள். இலையையும் கவனியுங்கள்: பைலோசாவில் பெரும்பாலும் மூன்று முதல் ஐந்து சிற்றிலைகள், மற்றதில் கீழ்ச் சிற்றிலைகளே மீண்டும் பிளவுபட்டிருக்கும். விதை முட்களின் எண்ணிக்கை முன்னதில் இரண்டு மூன்று, பின்னதில் மூன்று நான்கு என ஒன்றையொன்று தொடுவதால், அதைத் துணைச் சான்றாக மட்டும் கொள்ளுங்கள்.

கேட்டவர்:
இன்று காலையில் பார்த்தேன். விளிம்பிதழ்கள் வெளிர்மஞ்சள், சில கொத்துகளில் இரண்டே உள்ளன. கீழ்ச் சிற்றிலைகள் மும்மூன்றாகப் பிளந்துள்ளன. பெரும்பாலான விதைகளில் நான்கு முட்கள். லென்ஸ் வழியே பார்த்தபோது, ஒவ்வொரு முள்ளிலும் தூண்டில் கொக்கிபோல் பின்னோக்கிய நுண்கூர்கள் தெரிந்தன.

மறுமொழி 2:
அப்படியானால் இது பைடெர்னேட்டாதான். போர்ச்சுகீசியத் தாவரவியலாளர் லூரைரோ 1790இல் விவரித்த இச்செடி ஆசியா, ஆப்பிரிக்கா, ஆஸ்திரேலியா ஆகியவற்றின் வெப்பப் பகுதிகளுக்கு உரியது. ஆகவே நம் மலைக்கு அந்நியமன்று. நீங்கள் கண்ட நுண்கூர்கள்தாம், எளிதில் நுழைந்த விதையைத் திரும்ப உருவ விடாமல் தடுப்பவை. ஓராண்டுச் செடி என்பதால், நடைபாதையில் நிற்பவற்றை விதை கறுக்குமுன் அறுத்தாலே வேட்டி தப்பும். வேலியோரத்தில் உள்ளவற்றை விட்டுவையுங்கள். பூவும் காயும் கொண்ட ஒரு கிளையைச் செய்தித்தாளில் அழுத்தி உலர்த்தி, கோவை வேளாண் பல்கலைக்கழக வளாகத்தில் உள்ள இந்தியத் தாவரவியல் ஆய்வுத் துறையின் உலர்தாவரகத்தில் காட்டினால், அங்குள்ள மாதிரிகளோடு ஒப்பிட முடியும்.