மறு: நகலா, மறுவார்ப்பா?

நண்பர்களுக்கு வணக்கம். பழைய கணினி விசைப்பலகையை மீண்டும் செய்தால் அதற்கு ‘மறுவார்ப்பு’ என்ற தனிச்சொல் வேண்டுமா என்ற கேள்விக்கு என் பதில் இது.

> பழைய விசைப்பலகையைப் பார்த்துப் புதிதாகச் செய்தால் அது நகல்தானே? தனிச்சொல் எதற்கு?

வேண்டும் என்பதே என் கருத்து. ‘நகல்’ என்றதுமே கையில் இருப்பது ஒரு படி இறங்கிவிடுகிறது. பழையதை வாங்குவதா, புதிதை வாங்குவதா என்று தயங்குகிறவருக்கு அந்தச் சொல்லே தீர்ப்பு எழுதிவிடும்.

ஐபிஎம் மாடல் எம் பலகையை எடுத்துக்கொள்வோம். 1985-இல் வந்தது. விசையை அழுத்த அழுத்த உள்ளே நிற்கும் சுருள்வில் சுருங்கிக்கொண்டே போய், ஒரு கட்டத்தில் தாங்காமல் பக்கவாட்டில் சட்டென நெளியும். அடியிலுள்ள சிறு பிளாஸ்டிக் சுத்தி அப்போது சாய்ந்து கீழேயுள்ள மென்படலத்தை அழுத்தும். ‘டக்’ ஒலியும், விரலுக்குத் தெரியும் விடுபாடும், எழுத்து பதிவதும் ஏறக்குறைய ஒரே கணம்தான். இந்த அமைப்புக்கு ‘நெளிவில்’ என்று ஒரு நண்பர் முன்மொழிந்திருந்தார். நல்ல சொல்தான், ஆனால் வாக்கியத்துக்குள் வந்தால் ஏழாம் வேற்றுமையாகவே (நெளிவு + இல்) வாசித்துவிடுவார்கள். ‘நெளிசுருள்’ என்று வினைத்தொகையாக வைத்தால் அந்தக் குழப்பம் இல்லை.

சரி, நகலுக்கு வருவோம். ஐபிஎம்மின் விசைப்பலகைத் தொழில் 1991-இல் லெக்ஸ்மார்க் என்ற நிறுவனத்துக்குப் போனது. 1996-இல் யூனிகாம்ப் என்ற நிறுவனம், பலகையின் பிளாஸ்டிக் பாகங்களை வார்க்கும் அச்சுகளையும் கருவிகளையும் வாங்கி, தொடர்ந்து செய்துவந்தது. அதே அச்சில் வந்ததை எப்படி நகல் என்பது? நூலின் மறுபதிப்பை யாரும் நகல் என்பதில்லையே. ‘மறுபதிப்பு’ என்றே வைக்கலாமா என்றும் யோசித்தேன். பதிப்பு என்றால் மனம் காகிதத்துக்குப் போய்விடுகிறது. அதனால்தான் ‘வார்ப்பு’. பழையது முதல்வார்ப்பு, அதே அச்சில் தொடர்வது தொடர்வார்ப்பு, புது அச்சு செய்து மீண்டும் உருவாக்குவது மறுவார்ப்பு. 1981-இல் ஐபிஎம் பிசியோடு வந்த மாடல் எஃப்பை ஆர்வலர்கள் அண்மைக் காலத்தில் மீண்டும் செய்தார்களே, அது மறுவார்ப்பு.

> உள்ளே இருக்கும் இரும்புத் தகட்டை யாரும் வார்ப்பதில்லையே?

உண்மைதான். ஆனால் மேலுறை, விசைமூடி, சுருள் நிற்கும் குழல் எல்லாம் அச்சில் பிறப்பவை. வாங்குகிறவருக்கு அதுதான் முக்கியம்: தொடர்வார்ப்பின் விசைமூடியைக் கழற்றி முதல்வார்ப்பில் மாட்டலாம்.

‘பழம்பொருள்’ என்ற சொல் எனக்கு ஒப்பவில்லை. அது பலகையைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்துவிடும். முதல்வார்ப்பு என்பது எந்த அச்சு என்று மட்டும் சொல்கிறது. நிலைமையைத் தனியாகக் கேட்க வேண்டும். மாடல் எம்மில் உள்தகட்டைப் பிடித்திருப்பவை பிளாஸ்டிக் ரிவிட்டுகள். வயதாக ஆக அவற்றின் தலைகள் ஒவ்வொன்றாக உடையும். பலகையைக் காதருகே சாய்த்துக் குலுக்கினால் உள்ளே ஏதோ உருள்கிறதா? அப்படியானால் ரிவிட்டு போயிருக்கலாம். துளையிட்டுத் திருகாணி போடுவதே நிலையான வழி. மணிக்கணக்கில் உட்கார வேண்டிய வேலை. அந்த வேலையை விரும்பிச் செய்பவர் முதல்வார்ப்பை வாங்கட்டும். நாளெல்லாம் தட்டச்சு செய்பவருக்கு, யூஎஸ்பி வடத்தோடு வரும் தொடர்வார்ப்பைத்தான் சொல்வேன்.

ஒரு சிக்கல் மிச்சம் இருக்கிறது. பழைய அச்சுகள் தேய்ந்ததால் யூனிகாம்ப் பிற்பாடு புது அச்சுகளும் செய்தது. இனி வருவது தொடர்வார்ப்பா, மறுவார்ப்பா? தொடர்வார்ப்பு என்றே எழுதிவருகிறேன், ஆனால் உறுதியில்லை. உங்கள் கருத்தை எழுதுங்கள்.