மூன்று வயதுப் பையனின் பேச்சு புரியவில்லை: மன்னார்குடி, தஞ்சாவூர் பக்கம் பேச்சுப் பயிற்சி எங்கே?

என் மகனுக்கு மூன்று வயது இரண்டு மாதம். நிறையப் பேசுகிறான், வாக்கியமாகவே பேசுகிறான். ஆனால் எனக்கும் அவன் அப்பாவுக்கும் தவிர யாருக்கும் பாதிகூடப் புரிவதில்லை. 'க' வரவே இல்லை: காக்கா 'தாத்தா' ஆகிறது, கதவு 'ததவு'. முதல் எழுத்தையும் விழுங்குகிறான். மூன்று வயதில் வெளியாட்களுக்கும் முக்கால்வாசி புரிய வேண்டும் என்கிறார்கள். அங்கன்வாடியில் பிள்ளைகளுக்குப் புரியாததால் இப்போது வாயே திறப்பதில்லை. அதுதான் தாங்க முடியவில்லை.

காது கேட்கிறதா என்று பார்க்கும் பெரா (BERA) பரிசோதனையில் காது நன்றாக இருக்கிறது. நாக்கு ஒட்டு இல்லை. போனை நிறுத்தி மாதக்கணக்காகிறது, கதை சொல்கிறோம், நிதானமாகப் பேசிக் காட்டுகிறோம். குழந்தை மருத்துவர் பொறுத்துப் பார்க்கச் சொன்னார்; எனக்கு மனசு கேட்கவில்லை. மாமியார் வசம்பு தேய்க்கச் சொல்கிறார், அது வேண்டாம் என்றுவிட்டேன்.

மன்னார்குடியிலிருந்து பஸ்ஸில் போய்வரும் தூரத்தில், சிறு பிள்ளைகளுக்குத் தமிழிலேயே பயிற்சி தரும் பேச்சுப் பயிற்சியாளர் யாரிடமாவது உங்கள் பிள்ளையைக் காட்டியிருக்கிறீர்களா?