கொம்பனிச் செற்றை வைக்கிறதா, கழட்டுறதா? ஜப்பான் காரும் வழிகாட்டும் திரையும்

கொக்குவிலான்:
வீட்டுப் பாவனைக்கு ஜப்பானில இருந்து வந்த ஹைபிரிட் ஒண்டு எடுக்கிற யோசினை. திரை கொம்பனியின்ரது, கார் செய்யேக்கயே பூட்டின செற். மெனு முழுக்க ஜப்பான் மொழி, மப்பும் ஜப்பான்தான். சுத்திவரக் காட்டுற 4 கமராவும் இருக்கு. அதைக் கழட்டிப்போட்டு வெளியில வாங்கிற அன்ட்ரொயிட் பிளேயர் (போன் மாதிரி அப் ஓடுற திரை) பூட்டலாமா, உதையே வைச்சிருக்கலாமா?

வயரிங்தம்பி:
கழட்டுங்கோ அண்ணை. ஹொக்கைடோ மப்பை வைச்சு வட்டுக்கோட்டைக்குப் போக ஏலாது. றேடியோவும் அரைவாசிதான்: அங்க எஃப்எம் 76 தொடக்கம் 95 வரை, இங்க 108 வரை போகுது. 4 ஜிபி றாம், 64 ஜிபி சேமிப்பிடம் உள்ள பிளேயரா எடுங்கோ. 2 ஜிபி எண்டால் மப்பும் பாட்டும் ஒண்டா ஓடேக்க திக்கும். பெட்டியில எழுதியிருக்கிற அன்ட்ரொயிட் இலக்கத்தை நம்பவேண்டாம், கனக்கச் செற்றில அது சும்மா மாத்தி எழுதினது.

பருத்தித்துறை மரைன்:
தம்பி, அவர் 4 கமரா எண்டு எழுதினதை வாசிக்கேல்லையோ? அந்தப் படத்தைப் பொருத்தித் தாறது கொம்பனித் திரையோட சேர்ந்த பகுதி. திரையைக் கழட்டினால் மேலயிருந்து பாக்கிற படம் போயிடும், மிஞ்சினால் பின் கமரா மட்டும். சில மொடலில கதவுப் பூட்டு, லைற் அமைப்பு எல்லாம் அந்தத் திரைக்குள்ளதான் கிடக்கு.

மொழிக்காக அழவேண்டாம். முதல்ல காரில உள்ள யூஎஸ்பி துளையில போனைக் கேபிளால கொழுவிப் பாருங்கோ. கார்பிளே (ஐபோனுக்கு) அல்லது அன்ட்ரொயிட் ஓட்டோ, அதாவது போனில உள்ள மப், பாட்டைக் கார்த் திரையில காட்டுற வசதி, வந்தால் திரையில உங்கட போனின்ர மொழிதான் வரும், மப்பும் போன் மப்புத்தான். ஒரு துளையில வராட்டி மற்றதிலயும் பாருங்கோ, சிலது சார்ஜ் பண்ண மட்டும். றேடியோவுக்கு அன்ரனா வயரில பான்ட் எக்ஸ்பாண்டர் ஒண்டு போதும், இங்கத்த ஸ்ரேசனை அந்த றேடியோ பிடிக்கிற இலக்கத்துக்கு இறக்கித் தாற சின்னப் பெட்டி. 20 மெகாஹேர்ட்ஸ் இறக்கிறது எண்டால் 103 ஐ 83 இல பிடிக்கலாம்.

வயரிங்தம்பி:
போன் இணைப்பே இல்லாத பழைய நவி (வழிகாட்டி) செற் எண்டால் என்ன செய்வியள்? அதில சிலது, மப் எஸ்டி காட் இல்லாமல் பற்றறி வயரைக் கழட்டினால் இலக்கம் கேட்டுப் பூட்டிக்கொள்ளும்.

பருத்தித்துறை மரைன்:
அதுக்கு உங்கட கதை சரி. அதைக் கழட்டத்தான் வேணும். புதுக் கார் எண்டால் மட்டும் நான் விடமாட்டன்.

சுன்னாகம் கராஜ்:
கழட்டுறதெண்டு முடிவெடுத்தால் மூண்டு விசயம். ஒண்டு, காரின்ர வயரை வெட்டவேண்டாம். அந்த மொடலுக்குரிய சொக்கெற்றோட வாற வயர்க்கட்டு வாங்குங்கோ, பிறகு பழைய செற்றைத் திருப்பிக் கொழுவலாம். இரண்டு, டொயோட்டாவின்ர கனக்கப் பின் கமரா 6 வோல்ற்றில வேலைசெய்யுது. பிளேயரின்ர கமரா வயரில 12 வோல்ற் வரும். நேர கொழுவினால் கமரா கருகும், இடையில வோல்ற் குறைக்கிற சின்னப் பெட்டி வேணும். மீற்றரால அளந்துபோட்டுக் கொழுவுங்கோ.

மூண்டாவது, பிளேயரின்ர மஞ்சள் வயரும் சிவப்பு வயரும். மஞ்சள் காரில எப்பவும் கரண்ட் இருக்கிற வயருக்கு, சிவப்பு திறப்புப் போட்டால் மட்டும் கரண்ட் வாற வயருக்கு. ரெண்டையும் எப்பவும் கரண்ட் இருக்கிற வயரோட முடிச்சால் செற் நித்திரைக்குப் போகாது, ரெண்டு மூண்டு நாள் நிண்ட காரில பற்றறி இறங்கும். ஹைபிரிட்டில 12 வோல்ற் பற்றறி சின்னது, கெதியா இறங்கும். ரெண்டையும் திறப்புப் போட்டால் வாற வயரோட முடிச்சால் ஒவ்வொருமுறையும் நேரமும் ஸ்ரேசனும் அழிஞ்சு நிக்கும்.

ஜிபிஎஸ் அன்ரனாவை இரும்புச் சட்டத்துக்குக் கீழ ஒட்டாதேங்கோ. டாஷ்போட் பிளாஸ்ரிக்குக்குக் கீழ, கண்ணாடிப் பக்கமா, முகம் வானத்தைப் பாத்தபடி. இல்லாட்டி அம்புக்குறி பக்கத்து ஒழுங்கையில நிக்கும்.

வயரிங்தம்பி:
ஒழுங்கை எண்டு சொன்னியள். எந்தச் செற் எண்டாலும் கூகுள் மப் குறுக்கு வழி எண்டு மதிலுக்கும் மதிலுக்கும் இடையில கொண்டுபோய் விடும், கார் திரும்பாது. வீட்டுக்குக் குத்திவைக்கிற குறி ஒழுங்கை முகப்பிலயா, பின்பக்கமா எண்டு முதலே பாருங்கோ. ஏ9 இல வவுனியாப் பக்கம் போறவை வீட்டு வைபையிலயே அந்தப் பகுதி மப்பைப் போனில இறக்கிவைக்கலாம். சிக்னல் இல்லாட்டியும் வழி சொல்லும், நெரிசல் மட்டும் காட்டாது.

கொக்குவிலான்:
கொழுவிப் பாத்தன், கார்பிளே வருது. அப்ப உதை வைச்சிருக்கிறன். ஆனால் ஸ்ராட் பண்ண ஒவ்வொருமுறையும் ஒரு பெண்குரல் ஜப்பான் மொழியில ஏதோ சொல்லுது?

சுன்னாகம் கராஜ்:
பெரும்பாலும் ஈரிசி (ETC) பெட்டி, நெடுஞ்சாலைக் கட்டணம் தானா அறவிடுறதுக்குப் பூட்டினது. ஜப்பான் நெடுஞ்சாலைக் கட்டணக் காட் போடேல்லை எண்டு சொல்லுது. சிலதில ஸ்ரேரிங்குக்குக் கீழ, சிலதில கிளவ் பொக்ஸுக்குள்ள இருக்கும். பின்னால உள்ள சொக்கெற்றைக் கழட்டிவிடுங்கோ, காருக்கு ஒண்டும் ஆகாது.