மீன் கறித்தூளைப் பற்றி எழுதும்படி மூத்த பதிவர்களை எப்படிக் கேட்பது?

கேள்வி: பட்டர்வொர்த் மருமகள்

அனைவருக்கும் வணக்கம். நானும் என் மாமியாரும் பட்டர்வொர்த்தில் வீட்டிலிருந்தே மீன் கறித்தூள் தயாரித்து விற்று வருகிறோம். மல்லி, காய்ந்த மிளகாய், சோம்பு, சீரகம், மிளகு, வெந்தயம் என ஒவ்வொன்றையும் மாமியாரே தனித்தனியாக வறுத்து ஆறவைப்பார். மாதத்திற்கு இரண்டு முறை மில்லுக்குக் கொண்டுபோய் அரைத்து வருவோம். 250 கிராம் பொட்டலம் 9 ரிங்கிட். இதுவரை வாங்கியவர்கள் உறவினர்களும், கோயிலில் பழகியவர்களும், அவர்கள் சொல்லி வந்தவர்களும்தான். அந்த வட்டம் அதற்குமேல் விரிய மறுக்கிறது.

ஆகவே, கோலாலம்பூரிலும் பினாங்கிலும் பல ஆண்டுகளாகச் சமையல் பற்றி எழுதிவரும் வலைப்பதிவர்கள் 23 பேருடைய மின்னஞ்சல் முகவரிகளைத் திரட்டி, செப்டம்பர் மாத இறுதியில் எல்லாருக்கும் ஒரே கடிதத்தை அனுப்பினேன். ஒளிவுமறைவின்றி அதை இங்கே தருகிறேன்:

“அன்புள்ள பதிவர் அவர்களுக்கு, உங்கள் பதிவுகளை விரும்பிப் படித்து வருகிறேன். எங்களிடம் சுத்தமான, கலப்படமற்ற, ஹலால் மீன் கறித்தூள் கிடைக்கும். இது சர்க்கரை நோய்க்கும் நல்லது. உங்கள் தளத்தில் எங்களைப் பற்றி எழுதி, எங்கள் முகநூல் பக்கத்திற்கு இணைப்புக் கொடுத்து உதவ வேண்டுகிறேன். நீங்கள் எழுதினால் உங்களைப் பற்றி நாங்களும் எங்கள் பக்கத்தில் பகிர்வோம்.”

மூன்று வாரங்கள் ஆகிவிட்டன. ஒரே ஒருவர் மட்டும் ஒரு வரியில் பதில் எழுதினார்: “என்னுடைய எந்தப் பதிவை விரும்பிப் படித்தீர்கள்?” என்னால் அதற்குப் பதில் சொல்ல முடியவில்லை. உண்மையில் அந்த 23 பேரில் இருவருடைய பதிவுகளை மட்டுமே நான் படித்திருக்கிறேன். அவர் அந்த இருவரில் ஒருவர் அல்லர்.

இப்படிக் கேட்பதே தவறா, அல்லது நான் கேட்ட விதம்தான் தவறா? பணம் கொடுத்தால்தான் எழுதுவார்களா? வீட்டு வேலை, பிள்ளைகளின் பள்ளி, பொட்டலம் கட்டும் வேலை எல்லாவற்றுக்கும் நடுவில் இதற்காக எவ்வளவு மெனக்கெட முடியும் என்பதையும் சேர்த்துச் சொன்னால் உதவியாக இருக்கும்.

பதில்: செந்தூல் சமையற்கட்டு

சகோதரி, வணக்கம். அந்த ஒரு வரியை எழுதியவன் நான்தான். கொஞ்சம் கடுமையாகக் கேட்டுவிட்டேனோ என்று பிறகு தோன்றியது, மன்னிக்கவும். ஆனாலும் உங்கள் கடிதம் என் திரையில் எப்படி வந்து விழுந்தது என்பதைச் சொன்னால், ஏன் அப்படிக் கேட்டேன் என்பது உங்களுக்குப் புரியும் என்று நினைக்கிறேன்.

முதலில் என் கண்ணில் பட்டது கடிதம் அல்ல, பெறுநர் கட்டம்தான். நீங்கள் 23 முகவரிகளையும் அங்கேயே வரிசையாகப் போட்டிருந்ததால், யார் யாருக்கெல்லாம் இது போயிருக்கிறது என்பது எங்கள் எல்லாருக்கும் தெரிந்துவிட்டது. எங்களில் பலர் ஒருவரையொருவர் அறிந்தவர்கள். “பதிவர் அவர்களுக்கு” என்று நீங்கள் எழுதியிருக்கும் அதே நேரத்தில், அந்தப் பதிவர் யார் என்று நீங்கள் பார்க்கவில்லை என்பதும் கூடவே வெளிப்பட்டுவிட்டது.

இரண்டாவதாக, நாள். அது புரட்டாசி மாதம். அதற்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமைதான், வீட்டில் பெருமாளுக்குத் தளிகை போட்டதையும், அந்த மாதம் முழுவதும் என் சமையற்கட்டில் மீனோ இறைச்சியோ கிடையாது என்பதையும் விரிவாக எழுதியிருந்தேன். என் தளத்தைத் திறந்தால் முதலில் தெரிவது அந்தப் பதிவுதான். அதற்கு நான்கு நாள் கழித்து, “உங்கள் பதிவுகளை விரும்பிப் படித்து வருகிறேன்” என்று தொடங்கி மீன் கறித்தூள் பற்றிய கடிதம் வருகிறது! என் மனைவியிடம் படித்துக் காட்டினேன்; இருவரும் சிரித்துவிட்டோம் என்பதை மறைக்க விரும்பவில்லை.

இனி நீங்கள் கேட்பது எவ்வளவு பெரிய உதவி என்பதைச் சொல்கிறேன். நான் பகலில் அலுவலகத்தில் வேலை செய்பவன். வாரத்தில் ஒரு பதிவு, அதுவும் ஞாயிற்றுக்கிழமைதான். ஒரு கறித்தூளைப் பற்றி நேர்மையாக எழுத வேண்டுமென்றால், அதைக் கொண்டு குறைந்தது இரண்டு முறையாவது குழம்பு வைத்துப் பார்க்க வேண்டும். ஒரு முறை கெம்போங் (கானாங்கெளுத்தி) மீனிலும், மறுமுறை தெங்கிரியிலும் (வஞ்சிரம்) வைத்தால்தான் தூளின் குணம் தெரியும். ஆக, நீங்கள் ஒரு வரியில் கேட்ட “எழுதி உதவுங்கள்” என்பது எனக்கு இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள். அது போக, நான் நல்லது என்று சொன்ன தூளை வாங்கி ஒருவர் வீட்டில் குழம்பு கசந்துபோனால், அவர் என்னைத்தான் கேட்பார். பதினான்கு ஆண்டுகளாக நான் சேர்த்து வைத்திருப்பது அந்த நம்பிக்கை ஒன்றைத்தான். இதற்கு ஈடாக உங்கள் முகநூல் பக்கத்தில் என்னைப் பகிர்வதாகச் சொல்வது எனக்குக் கொடுக்கல் வாங்கலாகத் தெரிகிறதே தவிர, பரிவாகத் தெரியவில்லை.

எனக்குப் பிடித்த கடிதம் ஒன்றைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். மழைக்காலத்தில் என் தோசை மாவு பொங்கவே மாட்டேன் என்கிறது என்று ஒருமுறை புலம்பி எழுதியிருந்தேன். கிள்ளானிலிருந்து ஓர் அம்மா, உளுந்தோடு சிறிது வெந்தயம் ஊறவைத்து, அரைத்த மாவுப் பாத்திரத்தை விளக்கை மட்டும் எரியவிட்ட ஓவனுக்குள் வைக்கும்படி எழுதினார். தன்னைப் பற்றி ஒன்றுமே சொல்லவில்லை. செய்து பார்த்தேன், பொங்கியது. அடுத்த பதிவில் அவருக்கு நன்றி சொன்னேன். அதன் பிறகு இரண்டு மூன்று முறை பின்னூட்டம் எழுதினார். ஏறக்குறைய ஆறு மாதம் கழித்துத்தான், தாம் காலை நேரத்தில் ஆப்பக் கடை போடுவதாகவும், அந்தப் பக்கம் வந்தால் சாப்பிட்டுப் போகும்படியும் எழுதினார். எழுதச் சொல்லி அவர் கேட்கவே இல்லை. நானாகத்தான் ரயில் ஏறிப் போனேன், சாப்பிட்டேன், எழுதினேன்.

இதை ஒரு தந்திரமாக எடுத்துக்கொண்டு நாளை முதல் 23 பேருக்கும் பின்னூட்டம் போடத் தொடங்கிவிட வேண்டாம். அதுவும் எங்களுக்குத் தெரிந்துவிடும். “அருமை, தொடருங்கள்” என்பதைப் பார்த்துப் பார்த்துச் சலித்தவர்கள் நாங்கள். மூன்று பேரை மட்டும் தேர்ந்தெடுங்கள். மீன் குழம்பு பற்றி எழுதியவர்களாக இருக்கட்டும். அவர்கள் எழுதியதைப் படித்து, உங்களுக்குத் தெரிந்த ஏதேனும் ஒன்றை அவர்களுக்குச் சொல்ல முடிந்தால் சொல்லுங்கள். தாமே மல்லி வறுக்கும் மாமியார் வீட்டில் இருக்கும்போது உங்களுக்கு விஷயப் பஞ்சமா?

பதில்: பிரிக்பீல்ட்ஸ் புத்தக மூட்டை

செந்தூல் ஐயா சொல்வதில் தவறில்லை. ஆனால் ஆறு மாதம் காத்திருப்பதற்கு எல்லாருடைய அரிசிப் பானையும் இடம் கொடுக்காது. நான் சிறிய அளவில் தமிழ்ப் புத்தகங்கள் விற்பவன். பதிவர்களிடம் ஆண்டுக்கணக்காகப் பழகியும் ஒரு வரி கூட எழுதாதவர்கள் உண்டு; அது அவர்கள் உரிமை. இன்று பலர் இதைத் தொழிலாகவே செய்கிறார்கள். அவர்களிடம் கட்டணம் எவ்வளவு என்று நேரடியாகக் கேட்டுவிடுவதுதான் இருவருக்கும் மரியாதை. இலவசமாகத்தான் வேண்டுமென்றால், பெரிய பெயர்களை விட்டுவிட்டு, வாரத்திற்கு ஐம்பது பேர் படிக்கும் சிறிய பதிவர்களிடம் போங்கள். அந்த ஐம்பது பேரும் உண்மையில் சமைப்பவர்களாக இருப்பார்கள்.

பதில்: சூலியா தெருக்காரன்

தங்கச்சி, கேட்ட விதத்தைப் பற்றி மற்றவர்கள் சொல்லிவிட்டார்கள். கடிதத்தின் உள்ளே இருப்பதைப் பற்றி நான் சொல்கிறேன். ஏனென்றால் பினாங்கில் என் பதிவைப் படிப்பவர்களில் பெரும்பாலோர் என்னைப் போன்ற தமிழ் முஸ்லிம்கள். சோற்றின்மேல் பலவகைக் குழம்பு ஊற்றித் தரும் நாசி கண்டார் கடையின் மீன் குழம்பைச் சாப்பிட்டு வளர்ந்த நாக்கு எங்களுடையது, நல்ல தூள் என்றால் ஆவலோடு வாங்குவோம்.

“ஹலால்” என்று எழுதியிருக்கிறீர்கள். மல்லியிலும் மிளகாயிலும் என்ன இருக்கப்போகிறது என்ற நல்லெண்ணத்தில்தான் எழுதியிருப்பீர்கள். ஆனால் 2011-இல் வந்த வணிக விவரிப்புச் சட்ட விதிகளின்படி, ஜாக்கிம் (மலேசிய இஸ்லாமிய மேம்பாட்டுத் துறை) அல்லது மாநில இஸ்லாமிய சமய மன்றத்தின் சான்றிதழ் பெற்ற பொருளைத்தான் ஹலால் என்று குறிப்பிட்டு விற்கலாம். சான்றிதழ் இல்லையென்றால் அந்தச் சொல்லை எடுத்துவிட்டு, என்னென்ன பொருள்கள் சேர்கின்றன என்பதை மட்டும் எழுதுங்கள். படிப்பவர் தாமே முடிவு செய்துகொள்வார்.

சர்க்கரை நோய் விஷயம் இன்னும் மோசம். 1956-ஆம் ஆண்டின் மருந்து விளம்பரம் மற்றும் விற்பனைச் சட்டம், நீரிழிவு உள்ளிட்ட ஒரு பட்டியல் நோய்களுக்குப் பயன்படும் என்று எந்தப் பொருளையும் விளம்பரம் செய்யக்கூடாது என்கிறது. வெந்தயத்தை நினைத்துத்தான் எழுதினீர்கள் என்று எனக்குப் புரிகிறது. ஆனால் அந்த வரியை நான் என் தளத்தில் எடுத்துப் போட்டால் சிக்கல் எனக்கும் சேர்த்துத்தான். உங்கள் கடிதத்தை அந்த இடத்திலேயே மூடிவிட்ட பதிவர்கள் இருந்திருப்பார்கள்.

பணம் பற்றிக் கேட்டீர்கள். கொடுப்பதில் தவறில்லை, மறைப்பதில்தான் தவறு. 2022-இல் திருத்தப்பட்ட நம் நாட்டு உள்ளடக்க நெறித்தொகுப்பு, காசோ பொருளோ பெற்றுக்கொண்டு எழுதுபவர் அதை வாசகருக்குத் தெரிவிக்க வேண்டும் என்கிறது. கூகுளும் 2019 முதல், பணம் பெற்றுக்கொண்டு தரும் இணைப்புகளுக்கு “ஸ்பான்சர்ட்” என்ற அடையாளத்தை இடும்படி கேட்கிறது. ஆகவே இணைப்புக் கொடுங்கள் என்று நீங்களே வற்புறுத்தாமல், “தூளை இலவசமாகத்தான் அனுப்புகிறேன், எழுதினால் அதைக் குறிப்பிட்டுவிடுங்கள்” என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். அப்படிச் சொல்பவரிடம் எங்களுக்கு மரியாதை கூடும்.

பொட்டலத்தின் மேல் அரைத்த தேதியை எழுதுங்கள். இந்த ஊர் ஈரக்காற்றில் தூள் எவ்வளவு நாள் மணத்தோடு இருக்கும் என்பதுதான் வாங்குபவரின் முதல் கேள்வி.

மறுமொழி: பட்டர்வொர்த் மருமகள்

எல்லாருக்கும் நன்றி. புரட்டாசி என்று படித்ததும் வெட்கமாகிவிட்டது. எங்கள் வீட்டிலும் அந்த மாதம் மீன் கிடையாது. விற்பனை குறையும் மாதம் என்று கணக்குப் பார்த்தேனே தவிர, கடிதத்தைப் படிப்பவர் வீட்டிலும் அதே மாதம்தான் என்பது எனக்குத் தோன்றவே இல்லை.

23 பேருடைய பட்டியலை ஓரமாக வைத்துவிட்டு, இரவில் பிள்ளைகள் தூங்கிய பிறகு படிக்கத் தொடங்கினேன். பத்து நாளில் மூன்று பேரைத் தேர்ந்தெடுத்தேன். ஒருவர், கடையில் வாங்கும் மீன் கறித்தூள்களில் குழம்பு ஆறியபின் மேலே மாவு போலத் திட்டுத் திட்டாக நிற்கிறது என்று இரண்டு ஆண்டுகளுக்கு முன் எழுதியிருந்தார். மாமியாரிடம் காட்டினேன். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு முறை படித்துவிட்டு, தூளை முதலில் தண்ணீரில் குழைத்து எண்ணெய் பிரியும்வரை வதக்க வேண்டும், அப்படிச் செய்யாமல் நேரே புளித்தண்ணீரில் கொட்டினால் அப்படித்தான் நிற்கும் என்றார். அதை அப்படியே எழுதியிருக்கிறேன். இதுதான் புதிய கடிதம், தவறிருந்தால் திருத்துங்கள்:

“ஐயா, குழம்பின் மேல் திட்டு நிற்பது பற்றி நீங்கள் எழுதியதை என் மாமியாரிடம் படித்துக் காட்டினேன். தூளைக் குழைத்து எண்ணெய் பிரியும்வரை வதக்கிய பிறகு புளி ஊற்றினால் நிற்காது என்கிறார். நாங்கள் பட்டர்வொர்த்தில் வீட்டிலேயே மீன் கறித்தூள் தயாரித்து விற்கிறோம். நீங்கள் விரும்பினால் 100 கிராம் அனுப்புகிறேன். எழுத வேண்டும் என்று இல்லை. குறை சொன்னாலும் எங்களுக்குப் பயன்படும். வேண்டாமென்றால் இந்தக் கடிதத்திற்குப் பதில் எழுத வேண்டியதில்லை.”

பதில்: செந்தூல் சமையற்கட்டு

ஒரு எழுத்தையும் மாற்ற வேண்டாம். தீபாவளிக்கு முந்தைய வாரத்தில் மட்டும் அனுப்பாதீர்கள். அந்த நேரத்தில் முறுக்கு, அதிரசம் விற்பவர்களின் கடிதங்களால் எல்லாருடைய பெட்டியும் நிரம்பி வழியும். பண்டிகை முடிந்து ஒரு வாரம் கழியட்டும்.

மறுமொழி: பட்டர்வொர்த் மருமகள்

நிலவரம் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன். மூன்று பேருக்கும் தனித்தனியாக எழுதினேன். ஒருவரிடமிருந்து பதில் இல்லை. இன்னொருவர், தாம் இப்போது எழுதுவதை நிறுத்திவிட்டதாகவும், ஆனால் தமக்கு இரண்டு பொட்டலம் விலைக்கே வேண்டுமென்றும் எழுதினார், அனுப்பிவிட்டேன். திட்டு பற்றி எழுதியவர் தூளை வாங்கிச் சமைத்துப் பார்த்துவிட்டு, திட்டு நிற்கவில்லை, ஆனால் வெந்தயம் சற்றுத் தூக்கலாக இருந்து முடிவில் கசக்கிறது என்று எழுதியிருக்கிறார். மாமியாருக்கு முதலில் கோபம். பிறகு தாமே கொஞ்சம் கெம்போங் மீன் வாங்கிவரச் சொல்லிக் குழம்பு வைத்து, இரண்டு கரண்டி சாப்பிட்டுப் பார்த்துவிட்டு, கடைசியாக வறுத்த வெந்தயம் கொஞ்சம் கருகித்தான் போயிருக்கிறது என்று ஒப்புக்கொண்டார்.

அவர் தம் தளத்தில் இன்னும் எங்களைப் பற்றி எதுவும் எழுதவில்லை. புதிதாக அரைத்ததும் இன்னொரு 100 கிராம் அனுப்பும்படி கேட்டிருக்கிறார். சனிக்கிழமை மில்லுக்குப் போகிறோம்.